என்.டபிள்யூ.ஏ. குழுவின் இரண்டாவது ஆல்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எந்த ஆல்பத்தைப் பற்றியது?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குத் தெற்கே உள்ள காம்ப்டனில் உருவான என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழு, 1991 மே 28 அன்று வெளியிட்ட ‘எஃபில்4ஸாகின்’ ஆல்பத்தைப் பற்றியது. இது அக்குழுவின் இரண்டாவது முழுநீள ஸ்டுடியோ ஆல்பம். கடைசி ஆல்பமும் இதுவே. பெயர் விளங்காதவர்கள் அதைப் பின்னாலிருந்து முன்னால் படிக்க வேண்டும். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசைச்சொல்லோடு ‘வாழ்நாள் முழுவதும்’ என்று பொருள்படும் சொற்கள் சேர்ந்த தலைப்பு அது. கண்ணாடியில் தெரிவதைப் போலத் திருப்பி எழுதப்பட்டது.

இந்தக் குழு 1988இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரெயிட் அவுட்டா காம்ப்டன்’ ஆல்பத்தை ராப் கேட்பவர்களில் பெரும்பாலோர் அறிவார்கள். தெருக் கும்பல்களின் வன்முறை வாழ்க்கையைப் பாடும் கேங்ஸ்டா ராப் என்ற வகையை நாடு முழுவதும் கொண்டு சென்ற ஆல்பம் என்று அதைச் சொல்வதில் மிகையில்லை. அதைக் கேட்டு வியந்தவர்கள் அடுத்ததாக இதற்கு வரும்போது குழப்பமும் கசப்பும் வியப்பும் ஒன்றாக வந்து சேர்கின்றன. இங்குள்ள கேள்விகள் பெரும்பாலும் அந்த இடத்திலிருந்து எழுந்தவை.

இரண்டு ஆல்பங்களுக்கும் இடையில் குழுவுக்கு என்ன ஆயிற்று?

மிக முக்கியமான ஒன்று, ஐஸ் கியூப் விலகியது. முதல் ஆல்பத்தின் வரிகளில் பெரும் பங்கு அவரும் எம்.சி. ரென்னும் எழுதியது. தமக்கு வரவேண்டிய பணம் முறையாக வரவில்லை என்று மேலாளர் ஜெர்ரி ஹெல்லரோடு முரண்பட்ட கியூப், 1989இன் இறுதியில் வெளியேறி, நியூயார்க் சென்று பாம் ஸ்குவாட் என்ற தயாரிப்பாளர் குழுவோடு சேர்ந்து தமது முதல் தனி ஆல்பத்தை 1990இல் வெளியிட்டார். அது பெரிய வெற்றி பெற்றது. காம்ப்டனில் மீதமிருந்த ஈஸி-ஈ, டாக்டர் ட்ரே, எம்.சி. ரென், டி.ஜே. யெல்லா ஆகிய நால்வருக்கும், கியூப் இல்லாமலும் தங்களால் முடியும் என்று காட்ட வேண்டிய நெருக்கடி உண்டாயிற்று.

இன்னொன்று, குழுவின் பெயர் இசையைத் தாண்டிப் பரவியது. காவல்துறையைக் கண்டித்து முதல் ஆல்பத்தில் அவர்கள் பாடியதற்காக, 1989 ஆகஸ்டில் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அதிகாரி ஒருவர், ஆல்பத்தை விநியோகித்த பிரயாரிட்டி ரெகார்ட்ஸ் நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் அனுப்பினார். அதே மாதம் டெட்ராய்ட் நிகழ்ச்சியில் அந்தப் பாடலைத் தொடங்கியதும் காவலர்கள் மேடையை நோக்கி விரைந்தார்கள். அமெரிக்க அரசின் ஒரு பிரிவு தங்களைப் பார்த்து எரிச்சலடைகிறது என்பது அவர்களுக்குப் பெரிய விளம்பரமாகவும் ஆனது. இரண்டாவது ஆல்பத்துக்காகக் காத்திருந்தவர்கள் ஒரு போராட்டக் குழுவின் அடுத்த குரலை எதிர்பார்த்தார்கள் என்பதை நினைவில் வைத்தால்தான் பிறகு எழுந்த ஏமாற்றம் புரியும்.

கேட்பவர்களின் கருத்து ஏன் இவ்வளவு கூர்மையாகப் பிளவுபட்டிருக்கிறது?

பெரும்பாலான ஆல்பங்களில் சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. இந்த ஆல்பத்தில் பிளவு ஒவ்வொரு கேட்பவருக்கு உள்ளேயே நடக்கிறது. இசையை மட்டும் எடுத்துக்கொண்டால் இது முதல் ஆல்பத்தைவிட ஒரு படி மேலே நிற்கிறது என்று சொல்பவர்கள் பலர். அதே ஆட்களே, வரிகளை எடுத்துக்கொண்டால் பல படிகள் கீழே இறங்கிவிட்டது என்றும் சொல்வார்கள். இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றொன்றைச் சிறிய குறை என ஒதுக்கும் விமர்சனங்கள் எனக்கு நேர்மையாகப் படவில்லை. இரண்டும் உண்மை. இரண்டும் பெரியவை. ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தில், ஒரே மாதங்களில், ஒரே ஆட்களால் செய்யப்பட்டவை.

ஐஸ் கியூப் இல்லாததை ஆல்பத்தில் உணர முடிகிறதா?

முதல் சில பாடல்களிலேயே உணரலாம். ஆனால் பலர் சொல்லும் காரணம் எனக்குச் சரியானதாகத் தோன்றவில்லை. “கியூப் போனதும் திறமை போயிற்று” என்பார்கள். எம்.சி. ரென் இந்த ஆல்பத்தில் பாடியிருப்பதைக் கவனித்துக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கனத்த குரல், அவசரமில்லாத அழுத்தம், வரியின் முடிவில் சொல்லைத் தாளத்தின் மீது சரியாக இறக்கும் கட்டுப்பாடு ஆகியவற்றில் ஆல்பம் முழுவதையும் தோளில் சுமப்பவர் ரென்தான். விபத்தில் குரலை இழந்திருந்த ராப் கலைஞர் தி டி.ஓ.சி.யும் வரிகள் எழுத உதவினார். சொல்வன்மைக்குப் பஞ்சமில்லை.

கியூப் போனபோது போனது பார்வை. முதல் ஆல்பத்தின் காவல்துறைப் பாடல் ஒரு நீதிமன்ற விசாரணையாக அமைக்கப்பட்டிருந்தது: ட்ரே நீதிபதி, மற்றவர்கள் சாட்சி சொல்பவர்கள், குற்றவாளிக் கூண்டில் காவல்துறை. கோபத்துக்கு ஒரு முகவரி இருந்தது. இரண்டாவது ஆல்பத்தில் கோபம் குறையவில்லை, கூடியிருக்கிறது; முகவரிதான் மாறிவிட்டது. தெருவில் எதிர்ப்படும் இன்னொரு கறுப்பின இளைஞன், விலகிப்போன பழைய நண்பன், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்கள் என அது திரும்பிவிடுகிறது.

காலத்தோடு பொருத்திப் பார்த்தால் இந்த இழப்பு இன்னும் வலிக்கிறது. 1991 மார்ச் 3 அன்று லாஸ் ஏஞ்சலஸ் காவலர்கள் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைச் சூழ்ந்து அடித்ததை ஒருவர் வீடியோ எடுக்க, அது நாடு முழுவதும் ஒளிபரப்பானது. இக்குழு மூன்றாண்டுகளுக்கு முன்பே பாடியதை அனைவரும் கண்ணால் பார்த்தார்கள். அந்த மாதத்திலேயே ஈஸி-ஈ, அதிபர் புஷ் கலந்துகொண்ட குடியரசுக் கட்சி மதிய விருந்தொன்றில் பங்கேற்றார். மே மாத இறுதியில் வந்த ஆல்பத்தில் பழைய காவல்துறைப் பாடலுக்கு இணையாக ஒன்று இல்லை. எந்தக் குழுவும் கேட்பவர்கள் விரும்பியதையே பாட வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ஆயினும், அந்த நேரத்தில் அந்தக் குரல் தேவைப்பட்டது என்று வருந்தியவர்களின் வருத்தம் நியாயமானது.

இசையை ஏன் இவ்வளவு பாராட்டுகிறார்கள்? அப்படி என்ன புதுமை?

‘ஆல்வேஸ் இன்டு சம்திங்’ பாடலை எடுத்துக்கொள்வோம். முதல் ஆல்பத்தின் பாடல்கள் வேகமானவை. டிரம் இயந்திரத்தின் அடியும் ஃபங்க் என்னும் கறுப்பின நடன இசையின் பழைய தட்டுகளிலிருந்து வெட்டி எடுத்த சாம்பிள் துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று மோதும். இந்தப் பாடலிலோ தாளம் மெதுவாக நடக்கிறது. அடியில் கனமான பேஸ் அசைந்து செல்கிறது. அதற்கு வெகு மேலே, சீழ்க்கை போல் மெல்லியதாக ஒரு சிந்தசைசர் இழை எழுந்து, வளைந்து, அடங்குகிறது. நடுவில் எதுவும் நெருக்கியடித்து நிற்கவில்லை. அந்தக் காலியிடத்தில்தான் குரல்கள் வருகின்றன. நல்ல ஹெட்போனில் கேட்டால் ஒவ்வொரு ஒலியும் தனித்தனியே எங்கே நிற்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

ஒன்றரை ஆண்டுகள் கழித்து, 1992 டிசம்பரில், ட்ரே தமது தனி ஆல்பமான ‘தி க்ரானிக்’ வழியாக ஜி-ஃபங்க் என்ற பெயரில் உலகெங்கும் கொண்டு சென்ற ஒலி இதுதான். அதற்குப் பிறகான ஆண்டுகளில் மேற்குக் கடற்கரை ராப் முழுவதும் அந்த மெதுவான நடையையும் உச்சஸ்தாயி சிந்தசைசரையும் சுற்றியே சுழன்றது. அதன் நாற்றங்கால் ‘எஃபில்4ஸாகின்’ என்று கேட்பவர்கள் சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

ட்ரேயும் யெல்லாவும் இங்கே சாம்பிள்களைக் கைவிட்டுவிடவில்லை. ஆனால் வெட்டி ஒட்டியதோடு நிறுத்தாமல், இசைக்கலைஞர்களைக் கூடத்துக்கு அழைத்து அதன் மேலும் கீழும் வாசிக்க வைத்தார்கள். கோலின் வுல்ஃபின் பேஸ் வாசிப்பை இங்கும் கேட்கலாம், ‘தி க்ரானிக்’கிலும் கேட்கலாம். சாம்பிள் எடுத்த ராப் இசைக்குள் உயிருள்ள கைகள் மீண்டும் நுழைந்த கட்டம் இது. ‘அப்ரோச் டு டேஞ்சர்’ பாடலில் இதே கைவண்ணம் வேறு மாதிரி வெளிப்படுகிறது: அங்கே ஃபங்கின் சுகம் இல்லை, திகில் படத்தின் பின்னணி இசைக்கு நெருக்கமான இருட்டு மட்டும் இருக்கிறது. ஆல்பத்தின் பிற்பகுதியில் இது புதைந்து கிடப்பதால் பலர் அதுவரை வந்து சேர்வதே இல்லை.

பெண்களைப் பற்றிய பாடல்கள் உண்மையிலேயே அவ்வளவு மோசமானவையா?

ஆம். இதில் பூசி மெழுகுவதில் பயனில்லை.

18 தடங்கள் கொண்ட இந்த ஆல்பத்தில் 10ஆவது தடத்திலிருந்து 15ஆவது தடம் வரை தொடர்ச்சியாகப் பெண்களே இலக்கு. பாலியல் தொழிலாளி ஒருவரைக் கொல்வதை வேடிக்கையாக்கும் ஒரு நாடகத் துணுக்கும், அதை ஒட்டிப் பெண்களைக் கொன்று தொலைப்பதைப் பெருமையாகச் சொல்லும் பாடலும், சிறுமி ஒருத்தியைப் பலர் பயன்படுத்திக்கொள்வதை விருந்துக் கதைபோல் விவரிக்கும் பாடலும் அதில் உண்டு. இவற்றின் தலைப்புகளை இங்கே எழுத நான் விரும்பவில்லை. கேட்பவர்களில் மிகத் தீவிரமான ரசிகர்களும் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்வதாகச் சொல்வதைப் பரவலாகக் காணலாம்.

முதல் ஆல்பம் இந்த விஷயத்தில் தூய்மையானது என்று நினைவில் அழகுபடுத்திக்கொள்வதும் தவறு. அதிலும் பெண்கள் பணத்துக்காகவே ஆண்களை அணுகுபவர்கள் என்று பாடும் பாடல் உண்டு. அதைப் பாடியவர் ஐஸ் கியூப்தான். வேறுபாடு அளவிலும் இடத்திலும் இருக்கிறது. அங்கே அது பல சரக்குகளில் ஒன்று. இங்கே ஆல்பத்தின் மூன்றில் ஒரு பங்கு அதற்கே ஒதுக்கப்பட்டுவிட்டது.

இன்னும் நுணுக்கமாகக் கவனித்தால், இந்த வெறுப்பு அந்தப் பகுதியோடு நிற்கவில்லை என்பது தெரியும். நான் மேலே புகழ்ந்த ‘ஆல்வேஸ் இன்டு சம்திங்’ பாடலின் நடுவே, ரென் ஐஸ் கியூபை அவருடைய இயற்பெயரால் குறிப்பிட்டுக் கேலி செய்கிறார். அவர் தேர்ந்தெடுக்கும் வசை, பெண்களை இழிவாகச் சொல்லும் சொல். ஓர் ஆணைத் தரம் தாழ்த்த வேண்டுமென்றால் அவனைப் பெண்ணாக்கினால் போதும் என்ற எண்ணம் ஆல்பத்தின் மிகச் சிறந்த பாடலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. “அந்த ஆறு தடங்களை நீக்கிவிட்டால் இது மாபெரும் ஆல்பம்” என்று சொல்பவர்களுக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்.

அவை வெறும் கதாபாத்திரங்கள்தானே? திரைப்படத்தில் கொலை காட்டினால் ஏற்றுக்கொள்கிறோமே?

இந்த வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியது அன்று. கேங்ஸ்டா ராப் கலைஞர்கள் தன்மை ஒருமையில் பேசினாலும் அது ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது. மிகைப்படுத்தலும் வேடம் கட்டுதலும் அந்தக் கலைவடிவத்தின் அடிப்படை. ராப் வரிகளை நீதிமன்றத்தில் குற்றச் சான்றாக வைக்கும் பழக்கத்தை எதிர்ப்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி என்றே நானும் எண்ணுகிறேன்.

ஆனால் இந்த ஆல்பத்தை அந்த வாதத்தால் முழுவதும் காப்பாற்ற முடியாது. அது வெளிவருவதற்கு நான்கு மாதங்கள் முன்பு, 1991 ஜனவரியில், ஹாலிவுட்டில் நடந்த ஒரு விருந்தில் டாக்டர் ட்ரே, ‘பம்ப் இட் அப்’ என்ற ராப் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தொகுப்பாளரான டீ பார்ன்ஸைத் தாக்கினார். குழுவோடு எடுத்த நேர்காணலோடு, ஐஸ் கியூப் அவர்களைக் கிண்டல் செய்த காட்சியும் சேர்த்து ஒளிபரப்பப்பட்டதே கோபத்துக்குக் காரணம். ட்ரே நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை எதிர்த்து வாதிடவில்லை. அபராதமும் சமூக சேவையும் நன்னடத்தைக் கண்காணிப்பும் விதிக்கப்பட்டன. பார்ன்ஸ் தொடுத்த உரிமையியல் வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. குழுவின் மற்ற உறுப்பினர்களோ அவருக்கு அது வேண்டியதுதான் என்னும் தொனியில் பத்திரிகையிடம் பேசினார்கள்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு 10ஆவது தடத்தைக் கேட்பவருக்கு வேடத்துக்கும் ஆளுக்கும் நடுவே உள்ள கோடு அவ்வளவு தெளிவாகத் தெரியாது. 2015இல் குழுவின் வாழ்க்கை திரைப்படமாக வந்தபோது இந்தத் தாக்குதல் அதில் இடம்பெறவில்லை. அதைப் பார்ன்ஸ் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டி எழுதினார். அந்த ஆண்டே ட்ரே தம்மால் காயப்பட்ட பெண்களிடம் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பை ஏற்பதும் ஏற்காததும் பாதிக்கப்பட்டவர்களின் உரிமை; கேட்பவர்களாகிய நாம் செய்யக்கூடியது, இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் டீ பார்ன்ஸின் பெயரையும் விடாமல் சொல்வது.

இவ்வளவு எதிர்ப்பு இருந்தும் இது எப்படி முதலிடம் பிடித்தது?

அமெரிக்காவின் ஆல்பம் விற்பனையை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்து, அடுத்த வாரம் பாப் பாடகி பவுலா அப்துலின் ஆல்பத்தைப் பின்னுக்குத் தள்ளி முதலிடத்துக்குச் சென்றது. அதற்கு முன்பும் ராப் ஆல்பங்கள் முதலிடத்துக்கு வந்ததுண்டு, ஆனால் எம்.சி. ஹாமர், வனில்லா ஐஸ் போன்ற அவர்கள் வானொலிக்கு ஏற்ற பாடல்களோடு வந்தவர்கள். வானொலி ஒதுக்கிவைத்த கேங்ஸ்டா ராப் அந்த உயரத்தைத் தொட்டது இதுவே முதல் முறை.

இதில் எண்ணும் முறைக்கும் பங்கு உண்டு. அதுவரை பில்போர்டு கடைகளைத் தொடர்புகொண்டு எது அதிகம் விற்கிறது என்று கேட்டுப் பட்டியல் தயாரித்துவந்தது. கடைக்காரர் தமக்குத் தோன்றியதைச் சொல்லலாம். ராப், கன்ட்ரி, ஹெவி மெட்டல் போன்றவை இயல்பாகவே குறைத்துச் சொல்லப்பட்டன. 1991 மே மாத இறுதியில் சவுண்ட்ஸ்கேன் முறை வந்தது. கல்லாவில் பார்கோடு ஸ்கேன் செய்யப்படும் ஒவ்வொரு பிரதியும் கணக்கில் ஏறத் தொடங்கியது. அது நடைமுறைக்கு வந்த சில நாள்களிலேயே ‘எஃபில்4ஸாகின்’ கடைக்கு வந்தது. புறநகர் வணிக வளாகங்களில் வெள்ளையின இளைஞர்கள் எந்த அளவுக்கு ராப் வாங்குகிறார்கள் என்பது அப்போதுதான் எண்ணாகத் தெரிந்தது.

இங்கே கேட்பவர்கள் மத்தியில் ஒரு கடுமையான கேள்வி எழுவதுண்டு: கறுப்பின இளைஞர்கள் ஒருவரையொருவர் கொல்வதையும் கறுப்பினப் பெண்களை இழிவுபடுத்துவதையும் பாதுகாப்பான தொலைவிலிருந்து ரசிக்க ஒரு பெரிய சந்தை இருக்கிறது என்று தெரிந்தபின், நிறுவனங்கள் அதையே மேலும் மேலும் கேட்டு வாங்கினவா? 1990களின் ராப்பைப் பார்க்கும்போது அந்த ஐயத்தைத் தள்ளிவிட எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

பிரிட்டனில் இது தடை செய்யப்பட்டதா?

தடை செய்யும் முயற்சி நடந்தது, தோற்றது. 1991 ஜூனில் லண்டன் காவல்துறையின் ஆபாச வெளியீடுகள் பிரிவு ஆயிரக்கணக்கான பிரதிகளைக் கிடங்கிலிருந்து கைப்பற்றியது. வழக்கு நவம்பரில் ரெட்பிரிட்ஜ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு வந்தது. வெளியீட்டாளர் தரப்பில் ஜெஃப்ரி ராபர்ட்சன் வாதாடினார். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு படைப்பு அருவருப்பாக இருந்தால் மட்டும் போதாது. முழுமையாகப் பார்க்கும்போது அது நுகர்பவரின் ஒழுக்கத்தைச் சீரழிக்கும் தன்மை உடையதா என்று பார்க்க வேண்டும். நீதிமன்றம் ஆல்பத்தை விடுவித்தது, பிரதிகள் திரும்பக் கொடுக்கப்பட்டன.

இந்த ஆல்பத்தின் பல பாடல்களை வெறுக்கிறேன். காவலர்கள் அதைக் கிடங்கிலிருந்து அள்ளிச் செல்வதை அதைவிட அதிகமாக எதிர்க்கிறேன். கண்டிக்க வேண்டியது கேட்பவர்களின் வேலை.

நடுவில் வந்த குறு ஆல்பத்தையும் கேட்க வேண்டுமா?

1990இல் வந்த ‘ஹண்ட்ரட் மைல்ஸ் அண்ட் ரன்னிங்’ கட்டாயம் கேட்க வேண்டியது. ஐந்து தடங்கள்தான். தலைப்புப் பாடல் முதல் ஆல்பத்தின் வேகத்தைக் கடைசியாக ஒரு முறை காட்டுகிறது. அதில் ஃபங்கடெலிக் குழுவின் கிட்டாரிலிருந்து எடுத்த, சில நொடிகளே நீளும் ஒரு துண்டு பிற்காலத்தில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. எவ்வளவு சிறிய சாம்பிள் ஆனாலும் உரிமம் பெற வேண்டும் என்று 2005இல் உறுதியான தீர்ப்பு அதைப் பற்றியதுதான்.

ஐஸ் கியூபைத் தாக்கும் பகுதிகளைக் கேட்பவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

பெரும்பாலும் ஆல்பத்தின் பலவீனமாக. ‘மெசேஜ் டு பி.ஏ.’ என்ற துணுக்கு, அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் பக்கம் தாவிய தளபதி பெனடிக்ட் அர்னால்டின் பெயரால் கியூபைத் துரோகி என்கிறது. வசை உண்டு, வாதம் இல்லை. அவர் எழுப்பிய பணக் கணக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கியூப் அதே ஆண்டு அக்டோபரில் ‘டெத் சர்டிஃபிகேட்’ ஆல்பத்தின் கடைசிப் பாடலில் நால்வருக்கும் மேலாளருக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். ராப் வரலாற்றின் மிகக் கூர்மையான தாக்குதல்களில் ஒன்றாக அது இன்றும் எண்ணப்படுகிறது. அதே பாடலில் ஹெல்லரை அவர் யூதர் என்பதற்காக இழித்ததும் ஓரினச்சேர்க்கையாளர்களைப் பற்றிய வசைகளும் அன்றே கண்டிக்கப்பட்டன, இன்றும் கண்டிக்கப்பட வேண்டியவை. சண்டையில் வென்றவர் கியூப் என்பதில் கேட்பவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

இந்த ஆல்பத்தில் சமூகப் பார்வையுள்ள பாடல்களே இல்லையா?

இருக்கின்றன, அவற்றை யாரும் பேசுவதில்லை என்பது எனக்குள்ள வருத்தம். தலைப்புப் பாடல், தங்களை ஏன் அந்த வசைச்சொல்லாலேயே அழைத்துக்கொள்கிறார்கள் என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. காவலர்களும் கடைக்காரர்களும் தங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று அடுக்கி, பெயரை மாற்றிக்கொண்டாலும் நடத்தும் விதம் மாறப்போவதில்லை என்கிறது. அந்தப் பதிலை ஏற்கலாம், மறுக்கலாம். யோசித்துச் சொன்ன பதில் என்பதை மறுக்க முடியாது. கடைசித் தடமான ‘தி டேஸ் ஆஃப் வேபேக்’ ரென்னும் ட்ரேயும் தாங்கள் வளர்ந்த காம்ப்டனைத் திரும்பிப் பார்க்கும் பாடல். அதில் மிரட்டல் குறைந்து குரல்கள் கொஞ்சம் தணிகின்றன. இந்தத் திசையில் இன்னும் நான்கு பாடல்கள் எழுதியிருந்தால் ஆல்பத்தைப் பற்றிய பேச்சே வேறாக இருந்திருக்கும்.

முதல் ஆல்பத்தைவிட இது சிறந்ததா?

தயாரிப்பைக் கொண்டு அளந்தால் ஆம் என்பேன். முதல் ஆல்பத்தின் முதல் மூன்று பாடல்களுக்குப் பிறகு அதன் தரம் ஏறி இறங்குகிறது. சில பாடல்கள் அந்தக் காலத்து டிரம் இயந்திர இசையாகவே தேங்கி நிற்கின்றன. ‘எஃபில்4ஸாகின்’ ஒலியில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே உறுதி இருக்கிறது.

ஆனாலும் நான் மீண்டும் மீண்டும் கேட்பதும், ராப் அறியாத ஒருவருக்குத் தயக்கமின்றிக் கொடுப்பதும் முதல் ஆல்பம்தான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டிலும் அதுவே இடம்பெற்றிருக்கிறது. தன்னைவிட வலிய ஒன்றை எதிர்த்து எழும் கோபத்துக்கும், தன்னைவிட எளியவர் மேல் பாயும் கோபத்துக்கும் உள்ள வேறுபாட்டை எந்த பேஸும் எந்த சிந்தசைசரும் ஈடுகட்டுவதில்லை.

முதன்முறையாகக் கேட்கப்போகிறேன். எப்படித் தொடங்கலாம்?

முதலில் ‘ஸ்ட்ரெயிட் அவுட்டா காம்ப்டன்’, அடுத்து 1990ஆம் ஆண்டுக் குறு ஆல்பம், அதன் பிறகு இது என்று வரிசையாகக் கேட்பது நல்லது. இதில் முதல் ஒன்பது தடங்களை ஒரே அமர்வில் கேளுங்கள். பிறகு 16க்கும் 18க்கும் செல்லுங்கள். இடையிலுள்ள பகுதியைக் கேட்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. தாண்டிச் சென்றால் எதையும் இழக்க மாட்டீர்கள் என்றும், ஆல்பத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல விரும்பினால் ஒரு முறையாவது கேட்டாக வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் இருக்கும் அறையில் ஒலிபெருக்கியில் போட வேண்டாம்.

மூன்றாவது ஆல்பம் ஏன் வரவில்லை?

ஐஸ் கியூப் விலகிய அதே காரணம்தான். பணக் கணக்கில் திருப்தியில்லாத ட்ரே 1991இலேயே ஈஸி-ஈயின் ரூத்லெஸ் நிறுவனத்தை விட்டு விலகி, ஷுக் நைட்டோடு சேர்ந்து டெத் ரோ ரெகார்ட்ஸைத் தொடங்கினார். ட்ரே இல்லாமல் குழு இல்லை. ஈஸி-ஈ எய்ட்ஸ் நோயால் 1995 மார்ச் 26 அன்று இறந்தார். 2016இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழு சேர்க்கப்பட்டது.

இந்த ஒலி பிடித்திருக்கிறது. அடுத்து எதைக் கேட்கலாம்?

‘தி க்ரானிக்’ இயல்பான அடுத்த படி; இதே ஒலி அங்கே முதிர்ந்திருப்பதைக் கேட்கலாம், இதே குறைகளில் பலவற்றையும் கேட்கலாம். ரென்னின் குரல் பிடித்தவர்கள் அவருடைய 1992ஆம் ஆண்டுத் தனி வெளியீட்டைத் தேடலாம். அதிகம் பேசப்படாத இன்னொன்றையும் பரிந்துரைக்கிறேன்: ரூத்லெஸ் நிறுவனத்திலேயே இருந்த அபவ் தி லா குழுவின் 1993ஆம் ஆண்டு ஆல்பமான ‘பிளாக் மாஃபியா லைஃப்’. ஜி-ஃபங்க் ஒலியை முதலில் கண்டுபிடித்தது நாங்கள்தான், ட்ரே அல்ல என்பது அக்குழுவின் நீண்டநாள் வாதம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், அந்த வாதத்தை ரசிகர்கள் இன்றுவரை விடாமல் நடத்துவது ஏன் என்று உங்களுக்கே தெரியும்.